கவிதை படிக்கக் கிளம்பும் பிள்ளைக்கு

மக்கா,

செங்கோட்டையில் புறப்படும் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்குப் போகும் பிள்ளைகளில் நீயும் ஒன்று. பகலில் படிப்போ வேலையோ இருக்கும். சாயங்காலமானால் புத்தகக் கடை மாடியிலும் காபிக் கடை மூலையிலும் நடக்கும் கூட்டங்களில் பெயர் கொடுத்துக் கவிதை படிக்க வேண்டும் என்று உனக்கு ஆசை. ஓப்பன் மைக் என்கிறாய், போயட்ரி ஸ்லாம் என்கிறாய். வடகரை, தென்காசி, கடையநல்லூர் என்று கோயில் கொடையிலும் மீலாது விழாவிலும் நூலக வார விழாவிலும் கவியரங்கம், கவியரங்கம் என்றே அலைந்தவன் நான். பெயர்கள் மாறியிருக்கின்றன. மைக் முன்னால் நிற்கும்போது நாக்கு வறண்டு போவது மட்டும் மாறவில்லை.

உனக்கு யாப்பு சொல்லித்தர இதை எழுதவில்லை. அதற்கு நூல்கள் இருக்கின்றன. மேடையில் மனுசனாக நிற்பது எப்படி என்று எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். எத்தனை விதமாகச் சொன்னாலும் சாரம் ஒன்றுதான். கவிதை மேடையில் படிப்பவரைவிடக் கேட்பவர் பெரியவர். இதை மனசில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானே வரும்.

1. படிக்கப் போகும் முன் கேட்கப் போ.

பட்டியலில் உன் பெயர் ஏறுவதற்கு முன் சில மாலைகள் சும்மா போய் உட்கார். எந்த வரியில் கூட்டம் நிமிர்கிறது, எந்த வரியில் செல்போனைத் தேடுகிறது என்று பார். கேட்பதையே ஒரு கலையாக வளர்த்த ஊர்க்காரர்கள் நாம். ரசிகமணி டி.கே.சி. (1882–1954) திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் தம் வீட்டில் நடத்திய வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்தை நினைத்துப் பார். பிற்காலத்தில் அவர் குற்றாலத்தில் குடியேறியபோது ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி அங்கே வந்தார்கள். கம்பனின் ஒரு பாட்டை அவர் எடுத்தால் சொல்வார், திரும்பச் சொல்வார், எதிரே இருப்பவர் முகம் மலரும்வரை விடமாட்டார் என்பார்கள் கேட்டவர்கள். கவிஞர் என்று பெயரெடுக்காமல் ரசிகர் என்றே பெயரெடுத்த மனிதர் அவர். அந்தப் பெயர் எந்தக் கவிஞரின் பட்டத்துக்கும் குறைந்ததில்லை. வில்லுப்பாட்டைப் பார். புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுகிறார். அந்த 'ஆமா' நின்றுவிட்டால் கதை நகராது. முதலில் நல்ல 'ஆமா' போடப் பழகு.

2. அவையை அறிந்துகொள், அச்சம் பாதி குறையும்.

வள்ளுவர் அவையறிதலை 72-ஆம் அதிகாரமாகவும் அவையஞ்சாமையை 73-ஆம் அதிகாரமாகவும் வைத்திருக்கிறார். அந்த வரிசையில் ஒரு பாடம் இருக்கிறது. எதிரில் இருப்பவர்களைத் தெரிந்துகொண்ட பிறகு வருவதுதான் தைரியம். தெரியாமல் வருவது வெறும் துணிச்சல். ஒரு பையன் எங்கள் பக்கத்து ஊர்க் கோயில் கொடையில் தனிமையைப் பற்றிய கவிதையைப் படித்தான். நல்ல கவிதைதான். ஆனால் கரகாட்டத்துக்குக் காத்திருந்த கூட்டம் அவனைக் கண்டுகொள்ளவே இல்லை. 'இந்த ஜனங்களுக்கு ரசனையே இல்லை' என்று கோபித்துக்கொண்டு போனான். அடுத்த வருஷம் அதே மேடையில், மேக்கரை அடவிநயினார் அணையில் தண்ணீர் ஏறுமா என்று வானத்தைப் பார்த்து நிற்கும் ஒரு விவசாயியைப் பற்றிப் படித்தான். பீடி பற்றவைத்தவர்கள் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்கள். ஜனங்கள் மாறவில்லை, அவன்தான் அவர்களைப் பார்க்கப் பழகியிருந்தான். சென்னையிலும் அப்படித்தான். கல்லூரி அரங்கு வேறு, கடற்கரை மணல் வேறு, ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி ஒலிக்கும் காபிக் கடை வேறு. மூன்றுக்கும் ஒரே கவிதையைத் தூக்கிக்கொண்டு போகாதே.

3. விதியை மதி; மதிப்பெண்ணைத் தலையில் ஏற்றாதே.

ஸ்லாம் என்பது எங்கே பிறந்தது தெரியுமா? அமெரிக்காவில், சிகாகோ நகரத்தில், கட்டட வேலை பார்த்துக்கொண்டே கவிதை எழுதிய மார்க் ஸ்மித் என்பவர் 1986-ல் கிரீன் மில் என்ற மதுக்கூடத்தில் அதைத் தொடங்கினார். கவிதை வாசிப்பு படித்தவர்கள் நாலு பேர் கூடிக் கொட்டாவி விடும் சடங்காகிவிட்டது என்று அவருக்கு வருத்தம். அதனால் தீர்ப்பைப் பொதுஜனத்திடமே கொடுத்தார். கூட்டத்திலிருந்து ஐந்து பேரை நடுவராக்குவார்கள். ஆளுக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை போடுவார்கள். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் கழித்து மீதி மூன்றைக் கூட்டினால் முப்பதுக்கு இவ்வளவு என்று வந்துவிடும். பக்கவாத்தியம் கிடையாது, வேஷம் கிடையாது, கையில் பொருள் எதுவும் கூடாது. உன் குரலும் உன் சொல்லும்தான். அந்த விளையாட்டின் நோக்கம் கேட்பவரை உசுப்புவது. கவிதையை நிறுத்துப் பார்க்கும் தராசு அதுவல்ல. நடுவராக உட்கார்ந்தவர் அன்றைக்கு ஆபீசில் திட்டு வாங்கிவிட்டு வந்திருக்கலாம். சென்னையில் நான் போயிருந்த ஒரு கூட்டத்தில் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கிய பெண்ணிடம், முடிந்தபின் ஒரு நடுத்தர வயது அம்மா வந்து, 'அந்த ரெண்டாவது கவிதையை எனக்கு எழுதித் தர்றியாம்மா?' என்று கேட்டார். எண் அன்றைக்கே மறந்து போகும். அந்தத் தாள் அந்த அம்மாவின் கைப்பையில் போயிற்று.

4. கொடுத்த நேரத்தில் முடி.

ஸ்லாமில் மூன்று நிமிடம் என்பது பொதுவான வழக்கம். அதைத் தாண்டினால் மதிப்பெண்ணில் பிடிப்பார்கள். நம் கவியரங்கத்தில் அப்படிப் பிடிப்பு எதுவும் இல்லை. தமிழ் வணக்கம், அவை வணக்கம், தலைவர் வணக்கம் என்று வணங்கியே கால் மணி நேரம் போய்விடும். தலைமைக் கவிஞர் ஒவ்வொருவரையும் கவிதையாலேயே அழைப்பார், அழைக்கப்பட்டவர் கவிதையாலேயே பதில் மரியாதை செய்வார். அழகான மரபுதான், அளவோடு இருந்தால். ஒரு பொங்கல் விழாவில் எட்டுக் கவிஞர்கள். முன்னால் போன ஏழு பேரும் நேரத்தைத் தின்றுவிட்டார்கள். எட்டாவதாக இருந்தவர் புதுசு, சுரண்டைப் பக்கத்துப் பையன். அவன் எழுந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. பந்தல்காரர் பின்வரிசையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கியிருந்தார். அந்தப் பையன் கையில் இருந்த ஆறு பக்கத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, மனப்பாடமாக எட்டு வரி மட்டும் சொல்லி, நன்றி சொல்லி இறங்கினான். நாற்காலி அடுக்கியவர் கையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார். அன்றைக்கு மேடையில் இருந்த எட்டுப் பேரில் எனக்கு இன்றும் நினைவில் இருப்பது அவன் ஒருவன்தான். நீ தாண்டும் ஒவ்வொரு நிமிடமும் உனக்குப் பின்னால் காத்திருக்கும் யாரோ ஒருவருடைய நிமிடம். அதை எடுக்க உனக்கு உரிமை இல்லை.

5. உன் ஊர்த் தமிழை ஊரிலேயே விட்டுவிட்டுப் போகாதே.

சென்னைக்குப் போனதும் குரலுக்குச் சட்டை மாட்டிக்கொள்ளும் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். உனக்கு அது வேண்டாம். மேலகரத்து திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடினார். அதில் குறத்தி பெருமையோடு எடுத்துச் சொல்வது இந்த மலையை, இந்த அருவியை, இங்கே ஓடும் குரங்கை. அதற்குப் பரிசாக மதுரையை ஆண்ட முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் (1865–1891) கழுகுமலை முருகனுக்குக் காவடி தூக்கிப் போகிறவர்களின் கால் நடையிலிருந்து சந்தம் எடுத்துக் காவடிச் சிந்து பாடினார். இருபத்தாறு வயசில் போய்விட்டார், பாட்டு போகவில்லை. சென்னைக்காரர்களே தங்கள் தெருவின் கானாவை விட்டுக்கொடுக்கவில்லையே! 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு முதன்முதலாக மேடையேறியபோது, கானாவும் ராப்பும் ஒரே மேடையில் நின்று சாதியைக் கேள்வி கேட்டன. அவர்கள் தங்கள் தெருவோடு வந்தார்கள், நீ உன் அருவியோடு போ. ஆனால் ஒன்று. சிரிப்பு வாங்குவதற்காக 'ஏலே, வாலே' என்று நம் பேச்சைக் கூத்தாக்காதே. உன் ஆச்சி பேசிய பேச்சு அது. அதை வைத்துப் பிறரைச் சிரிக்க வைத்தால், சிரிப்பது உன் ஆச்சியைப் பார்த்துத்தான்.

6. கைதட்டலுக்காக வரி கட்டாதே.

கைதட்டல் நல்லது. வேண்டாம் என்று சொல்கிறவர் பொய் சொல்கிறார். நம் கவியரங்கத்தில் வரி பிடித்துவிட்டால் 'மறுமுறை!' என்று குரல் வரும். உருது முஷாயிராவில் அதையே 'முகர்ரர்' என்பார்கள். அந்தக் குரலை ஒருமுறை கேட்டவருக்கு மறுபடி கேட்காமல் இருக்க முடியாது. அங்கேதான் ஆபத்து. எங்கே தட்டுவார்கள் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, அந்த ஒரு வரிக்காக இருபது வரியை நிரப்பிக்கொண்டு வருவார்கள். கடைசியில் அரசியல்வாதியைத் திட்டு, அம்மாவைப் புகழ், தமிழை வாழ்த்து என்று மூன்று பொத்தான்கள்தான் மிஞ்சும். எதை அமுக்கினாலும் தட்டுவார்கள். யாருக்கும் எதுவும் ஆகாது.

இதற்கு மறுபக்கமும் நம் ஊரிலேயே உண்டு. கவிஞர் கலாப்ரியா முன்னின்று குற்றாலத்தில் நடத்திய 'பதிவுகள்' சந்திப்புகளைப் பற்றித் தமிழ் எழுத்தாளர்கள் இன்றும் பேசுகிறார்கள். அந்தக் கூட்டங்களில் கைதட்டலைவிட விவாதம்தான் அதிகம். ஒரு சொல் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்பார்கள், பதில் சொல்லியாக வேண்டும். உனக்கு இரண்டு பழக்கமும் வேண்டும். கூட்டத்தின் நடுவே உரக்கப் படிக்கவும் தெரிய வேண்டும், நாலு பேர் கூர்ந்து பார்க்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் சொல்லவும் தெரிய வேண்டும். கைதட்டல் கேட்ட இரவுக்கு மறுநாள் காலையில் அந்தக் கவிதையைத் தனியாக வாசித்துப் பார். அப்போதும் அது நின்றால் வைத்துக்கொள்.

7. பிறர் துயரத்தைப் படிக்கும் முன் அவரிடம் கேள்.

இதை மட்டும் இரண்டு தரம் படி. நம் பக்கத்துப் பெண்கள் எத்தனையோ பேர் பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். இலையை நனைத்து, கத்தரித்து, முறத்தை மடியில் வைத்துத் தூள் போட்டுச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் சேர்ந்தால்தான் கூலிக்குக் கணக்கு. அப்படி வளர்ந்த ஒரு பையன் எங்கள் ஊர் விழாவில் தன் அம்மாவைப் பற்றிப் படித்தான். கண்ணீர், புகையிலை நாற்றம், தேய்ந்த விரல் எல்லாம் இருந்தது. கூட்டம் உருகிப் போயிற்று. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா நடுவிலேயே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு நாள் கழித்து அந்த அம்மா வாயைத் திறந்தார்: 'எங் கையி நாறுதுன்னு ஊருக்கே சொல்லிட்ட. கடைக்காரன் நல்ல கட்டையெல்லாம் கழிச்சுப் போட்டானே, அவங்கிட்ட நான் சண்ட போட்டேனே, அத எழுதலியே?'

அவன் கவிதையை மாற்றி எழுதினான். புதுக் கவிதையில் கண்ணீர் இல்லை. கழித்துப் போட்ட பீடிக்கட்டை எடுத்து முதலாளி மேஜைமேல் வைக்கும் ஒரு பெண் இருந்தார். அதை அம்மாவிடம் முதலில் படித்துக் காட்டிவிட்டுத்தான் மேடையில் படித்தான். நீ பேசப்போகும் ஆள் எதிரே உட்கார்ந்திருந்தால் இதே வரியைப் படிப்பாயா என்று உன்னையே கேள். ஒடுக்கப்பட்டவர்களின் வலியைப் பாடிய இன்குலாப்பின் (1944–2016) 'மனுசங்கடா' பாட்டை கே.ஏ. குணசேகரன் குரலில் ஊர் ஊராக மக்கள் கேட்டார்கள். அதில் இரக்கத்துக்குக் கையேந்தும் குரல் இல்லை, நிமிர்ந்து நிற்கும் குரல்தான் உண்டு. வலியைப் பாடு, ஆனால் வலிப்பட்டவரைக் குனிய வைக்காதே.

8. எடுத்தால் பெயர் சொல்.

வாட்ஸ்அப்பில் பெயரில்லாமல் வரும் கவிதைக்கும் எங்கோ ஒரு சொந்தக்காரர் உண்டு. ஒரு விழாவில் ஒருவர் தன் கவிதை என்று படித்துக்கொண்டிருக்க, முன்வரிசையில் இருந்த பள்ளிக்கூடத்து வாத்தியார் அடுத்த வரியை மெதுவாகச் சொன்னார். அடுத்ததையும் சொன்னார். படித்தவர் அதோடு எந்த மேடைக்கும் வரவில்லை. எனக்கு அவர்மேல் வருத்தம்தான் வந்தது. 'இது இன்னாருடையது, எனக்குப் பிடித்தது' என்று சொல்லிப் படித்திருந்தால் அந்த வாத்தியாரே முதலில் தட்டியிருப்பார். டி.கே.சி. வாழ்நாள் முழுக்கப் பிறர் பாட்டைச் சொல்லியே பெயர் பெற்றார். பிறர் கவிதையைச் சொல்வதில் இழுக்கு இல்லை, பெயரை மறைப்பதில்தான் இழுக்கு. உன் மூன்று நிமிடத்தில் எப்போதாவது ஒரு முறை இன்னொருவர் கவிதையைப் படி. அது உன்னைச் சின்னதாக்காது.

9. கேட்க ஆளில்லாத காலம் வரும். அப்போதும் வேலையை நிறுத்தாதே.

1918 கடைசியில் சிறையிலிருந்து வெளிவந்த பாரதி, செல்லம்மாளின் ஊரான கடையத்துக்கு வந்தார். நமக்குக் கூப்பிடு தூரம். பெரிய ஆட்கள் கூட்டம் அங்கே அவருக்கு இல்லை. அக்ரகாரத்து ஆதரவும் இல்லை. அந்த நிலையில்தான் 1920-ல், தம் எழுத்து முழுவதையும் நாற்பது புத்தகங்களாக, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதி அச்சிடப் போவதாகத் திட்டம் போட்டு, பண உதவி கேட்டு நண்பர்களுக்கு எழுதினார். உதவி வரவில்லை. அதற்காக அவர் சுருங்கிப் போய்விடவில்லை. சென்னைக்குத் திரும்பினார், சுதேசமித்திரனில் எழுதினார், 1921-ல் ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலை வரை போய்ப் பேசினார். அதே ஆண்டு செப்டம்பரில் மறைந்தார்.

உனக்கு ஏழு பேர் வந்த கூட்டம் அமையும். மழை பிடித்துக்கொள்ளும், கரண்டு போகும், மைக் கரகரக்கும், நடுவில் வரி மறந்து போகும். மறந்தால் மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் தாளைப் பார். யாரும் கோபிக்க மாட்டார்கள். மைக் போனால் இரண்டடி முன்னால் வந்து நில். ஏழு பேர் வந்தால் எழுபது பேருக்குப் படிப்பதுபோலவே படி. வராதவர்களுக்காக வந்தவர்களைத் தண்டிக்காதே.

10. மேடை தந்தவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறாய்.

உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடத் தூண்டிய வள்ளல் சீதக்காதி, நூல் முடியும் முன் காலமாகிவிட்டார். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் தாங்கிப் பிடித்து அரங்கேற்றம் நடத்தி வைத்தார். அண்ணாமலை ரெட்டியாருக்கு ஊற்றுமலை ஜமீன் இருதயாலய மருதப்பர் இருந்தார். இன்றைக்கு உனக்கு அந்த இடத்தில் இருப்பவர் யார் தெரியுமா? விற்பனை நேரத்தில் கடையின் ஒரு மூலையை ஒழித்துக் கொடுக்கும் புத்தகக் கடைக்காரர், சம்பளத்திலிருந்து அரங்கு வாடகை கட்டும் ஒரு பெண், ஒயரைச் சுருட்டும் மைக் செட்டுத் தம்பி. அவர்கள் பெயரைத் தெரிந்துகொள். முன்னதாகவே போ. உன் முறை முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு நழுவாதே, கடைசிக் கவிதை வரை உட்கார்ந்து கேள். முடிந்ததும் நாற்காலி மடக்கக் கைகொடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு. இரவு எப்படித் திரும்புவது என்பதைப் போவதற்கு முன்பே முடிவு செய். வாய்ப்புத் தருகிறேன் என்று சொல்லி யாராவது உன் மரியாதைக்கு விலை பேசினால், அந்த மேடையை அப்போதே விட்டு விலகு. வெளியே வந்து வாய்விட்டுச் சொல். எந்த மேடையும் உன் மானத்தைவிட உயரம் இல்லை.

11. பரிசு வந்தால் வாங்கு. பரிசைத் தேடி அலையாதே.

பணம் கட்டினால் பட்டம் தரும் விழாக்கள் பெருகிவிட்டன. சால்வை, கேடயம், பெயருக்கு முன்னால் ஒரு அடைமொழி எல்லாம் கிடைக்கும். கவிதை மட்டும் அங்கே கிடைக்காது. இன்குலாப் மறைந்த பிறகு 2017-ல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது அறிவித்தார்கள். அவர் இருந்திருந்தால் ஏற்றிருக்க மாட்டார் என்று குடும்பத்தார் மறுத்துவிட்டார்கள். கவிக்கோ அப்துல் ரகுமான் 1999-ல் 'ஆலாபனை'க்காக அதே விருதைப் பெற்றுக்கொண்டார். கவியரங்கத்தில் அவர் பெயருக்குக் கூட்டம் கூடிய காலத்திலும் சினிமாப் பாட்டு எழுதப் போகவில்லை. ஒருவர் பக்கம் மறுப்பு, மற்றவர் பக்கம் ஏற்பு. இரண்டு பேருக்கும் தங்கள் எல்லை எது என்று தெரிந்திருந்தது. உன் எல்லையை நீ இப்போதே, யாரும் உன்னைக் கண்டுகொள்ளாத காலத்திலேயே போட்டுக்கொள். பெயர் வந்தபின் போடுவது கஷ்டம்.

போனில் எடுக்கும் காணொளிக்கும் இதே கணக்குத்தான். அது பத்தாயிரம் பேரிடம் போய்ச் சேரட்டும், சந்தோஷம். ஆனால் படிக்கும்போது உன் கண் கேமராவைத் தேடக் கூடாது, எதிரில் பஸ் பிடித்து வந்து உட்கார்ந்திருப்பவரைத் தேட வேண்டும். அடுத்தவர் படிப்பதைப் படம் எடுப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேள்.

12. கற்றதை ஊருக்குக் கொண்டு வா.

நகரத்தில் மேடைகள் நிறைய. நம் ஊரில் கவிதை எழுதி நோட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கும் பிள்ளைகள் நிறைய. பீடிக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அச்சன்புதூரிலும் பண்பொழியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சென்னை டிக்கெட் எடுக்க வழியில்லை. ஜூன், ஜூலையில் சாரல் விழும்போது நீ லீவு போட்டு அருவியில் குளிக்க வருவாய் அல்லவா? அப்படி வரும்போது ஒரு சாயங்காலத்தை அவர்களுக்குக் கொடு. கிளை நூலகத்தில் கேள், பள்ளிக்கூடத்தில் கேள், எதுவும் இல்லாவிட்டால் யார் வீட்டுத் திண்ணையாவது கிடைக்கும். மைக்கே வேண்டாம். நீ நகரத்தில் பார்த்த நல்லதையெல்லாம் அங்கே செய்: நேரத்தைச் சமமாகப் பங்கிடு, மதிப்பெண் போடாதே, படித்து முடித்தவரிடம் ஒரு வரியைத் திரும்பச் சொல்லச் சொல். அதுவரை யாரும் 'மறுமுறை' என்று கேட்டிராத ஒரு பிள்ளைக்கு அந்தக் குரல் என்ன செய்யும் என்பதை உன் கண்ணால் பார். இத்தனை நாள் மேடையில் நீ எதற்காக நின்றாய் என்பது அப்போது உனக்கு விளங்கும்.

பட்டியல் எழுதும்போது, இதுவரை படித்தே இராதவர் பெயரை முதலில் போடு. உன் பெயர் கடைசியில் இருக்கட்டும். நேரம் போதாமல் உன் முறை வராமலே போனால், கூட்டம் நன்றாக நடந்தது என்று வைத்துக்கொள்.